விழத் தெரிந்தவன்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாங்கள் நான்கு பேரும் செய்கிற முதல் வேலை கை கழுவுவது. ஆனைகட்டி மலைச்சாலையில் ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. அதன் பின்புறக் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்வோம். வியர்வையோ எண்ணெயோ இருந்தால், மணிக்கட்டில் மாட்டும் உயிர்வளை தோலில் சரியாக ஒட்டாது. பிறகு மூன்று பேர் தங்கள் விரலை வைத்து வளையைத் திறந்து, நான்காம் ஆளின் கையில் மாட்டிவிடுவார்கள். அன்றைக்கு நான்காம் ஆள் நான்.

எனக்கு அதில் எரிச்சல்தான். முறை வந்தால் சுமக்கத்தான் வேண்டும், மறுக்க முடியாது. மற்றவர்கள் காட்டுத்தடத்தில் ஓட்டும்போது வளை சுமப்பவன் தார்ச்சாலையில் மேலும் கீழும் மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். தார்ச்சாலை சைக்கிள்காரர்களை எனக்குப் பிடிக்காது. டயரைக் கல்லாக இறுக்கிக் காற்றடிப்பார்கள், ஹேண்டில்பாரில் இருக்கும் திரையையே பார்த்துக்கொண்டு ஓட்டுவார்கள், போனபடியே அழுக்குப் படாமல் வீடு திரும்புவார்கள். அதற்கு வீட்டுக் கூடத்திலேயே மிதிக்கலாம், சாலையில் நடப்பவர்களுக்காவது வழி விட்டதாக இருக்கும்.

மண்ணில் ஓட்டுபவன் டயரில் காற்றைக் குறைத்து வைப்பான். அப்போதுதான் டயர் வேரையும் சரளையையும் பிடித்துக்கொண்டு போகும். சக்கரம் வழுக்கும் இடத்தில் பிரேக்கை இறுக்காமல் விட்டுவிடத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக விழத் தெரிய வேண்டும். கையை ஊன்றக் கூடாது, முகவாயை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், தோளைக் கொடுத்து உருண்டு எழ வேண்டும். மண்ணில் நான் விழாத மாதம் கிடையாது. இதுவரை ஒரு எலும்பும் உடைந்ததில்லை. எங்கள் கூட்டத்தில் விழுவதற்கு நான்தான் வாத்தியார் என்று நிசார் கிண்டல் செய்வான். அந்தக் கிண்டல் எனக்குப் பிடித்திருந்தது.

"ஏன்டா செங்கோடா, மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? தார் ரோடு உன்ன கடிச்சுருமா?" என்றான் நிசார், தன் வளையை என் இடது கையில் பூட்டிக்கொண்டே.

"கடிக்காது. தூக்கம் வரும்."

"தூங்கிறாதீங்ணா. அப்புறம் நாம நாலு பேரும் ஒண்ணா தூங்குறோம்னு வீட்டுத் திரையில வரும்" என்றாள் வான்மதி. அவள் பகலில் பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள், எங்களில் இளையவள். ஜெபராஜ் வழக்கம்போலத் தன் சைக்கிள் பக்கம் குனிந்திருந்தான். அவன் பேசுவதை எல்லாம் சைக்கிள் சங்கிலியோடு பேசி முடித்துவிடுவான்.

ஏன் இந்தக் கூத்து என்று சொல்ல வேண்டும். வெள்ளமும் மலைச்சரிவும் ஆண்டு தவறாமல் வந்த காலத்துக்குப் பிறகு, எல்லாரையும் எல்லா இடத்திலும் காப்பாற்ற முடியாது என்று அரசு கைவிரித்தது. வாரியம் ஒன்றை அமைத்துத் தரையை இரண்டாகப் பிரித்தார்கள். சாலை, நடைபாதை, கட்டடம், பூங்கா எல்லாம் காப்புத்தரை. அங்கெல்லாம் மென்தார் போட்டிருக்கிறார்கள், விழுந்தால் பாதி அடியை அதுவே வாங்கிக்கொள்ளும். மீதி எல்லாம் வெளித்தரை. வெளித்தரைக்குப் போகக் கூடாது என்று சட்டம் இல்லை. போகிறவர்களை யாரும் தடுப்பதில்லை, அபராதம் போடுவதில்லை. அங்கே அடிபட்டால் காப்பாற்ற மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொருவர் கையிலும் உள்ள உயிர்வளை, நாடியையும் இருக்கும் இடத்தையும் வீட்டுத் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்; விழுந்தால் விழுந்த இடத்தையும் வேகத்தையும் பதிந்துகொள்ளும். சிறு அடி என்றால் ட்ரோன் ஒரு மருந்துப்பெட்டியைப் போட்டுவிட்டுப் போகும். பேரடி என்றால் ஆளில்லா மீட்பூர்தி வரும். பதிவில் இல்லாத காயத்துக்கு எந்த மருத்துவமனையிலும் அறுவைக்கூடம் திறக்காது. கழற்றி எறிந்தால் வளைக்குத் தெரியும், சூடான தோலில் இருந்தாக வேண்டும். ஆனால் யாருடைய தோல் என்று அது பார்ப்பதில்லை. பக்கத்து வளையோடும் அது பேசுவதில்லை. அதற்கெல்லாம் வாரியம் செலவு செய்யவில்லை. அந்த ஓட்டையில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் ஓடிக்கொண்டிருந்தன.

காட்டில் ஒருவருக்கு அடிபட்டால் என்ன செய்வது என்பதற்கும் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அடிபட்டவரை எப்படியாவது சாலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வளை சுமப்பவர் அந்த ஆளின் வளையோடு சாலையில் விழ வேண்டும். விழுந்த உடனே வளையை உரியவர் கையில் மாட்டிவிட்டால் பதிவும் காயமும் ஒரே இடத்தில் இருக்கும். வான்மதிக்குக் காரை எலும்பு உடைந்தபோது அவளுக்காக விழுந்தவன் நான்தான். எனக்குத் தோளில் சிராய்ப்பு, அவளுக்கு நல்ல சிகிச்சை. அதன் பிறகு எங்களுக்கு ஒரு தெம்பு வந்திருந்தது.

அன்று இரண்டாவது ஏற்றத்தில் இருந்தபோது வாக்கிடாக்கியில் வான்மதியின் குரல் வந்தது.

"அண்ணா, நிசாரண்ணா பாறையில இருந்து விழுந்துட்டாருங்ணா. ஹேண்டில்பார் வயித்துல குத்திருச்சு. ரத்தம் வெளிய வரல. ஆனா வயிறு கல்லாட்டம் ஆயிட்டு இருக்குது."

நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். ரத்தம் வெளியே வந்தால் கட்டுப் போடலாம். உள்ளே ஓடினால் அறுவைக்கூடம் ஒன்றுதான் வழி. நான் காட்டுக்குள் ஓட முடியாது. நான்கு வளைகளும் வெளித்தரைக்கு வந்ததாகப் பதிந்துவிட்டால் அத்தோடு எல்லாம் முடிந்தது. சாலையோரத்துச் சிறு பாலத்தின் அருகில், தாருக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள மஞ்சள் கோட்டில் நின்றுகொண்டு மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அந்தக் கோட்டை அவ்வளவு நேரம் மதித்து நின்றது அன்றுதான்.

நிசாரின் சைக்கிளுக்கும் ஜெபராஜின் சைக்கிளுக்கும் நடுவே மழைச்சட்டைகளைக் கட்டி, அதில் அவனைக் கிடத்தித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நிசாரின் உதடு வெளுத்திருந்தது. பாலத்துக் கைப்பிடிச்சுவரின் நிழலில், சாலையிலேயே படுக்க வைத்தோம். வான்மதியும் ஜெபராஜும் தங்கள் வளைகளைத் திறந்து எடுத்துக்கொண்டார்கள். நான் விழுவது என் வளையில் பதியாமல் இருக்க அதைத் திறந்து ஜெபராஜின் கையில் மாட்டினேன். என் இடது கையில் நிசாரின் வளை மட்டும் மிச்சம் இருந்தது.

"பேரடி பதிஞ்சாத்தான் வண்டி வரும்ணா" என்றாள் வான்மதி. "ஒருக்காத்தான் விழலாம். ஒரே நாள்ல ரெண்டாவது தடவ விழுந்தா வேணும்னே விழுறோம்னு விசாரணைக்குப் போட்டுருவாங்க."

"தெரியும்."

நிசார் என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் குனிந்தேன்.

"செங்கோடா, நீ விழுறத நான் பாத்திருக்கேன்டா. பூ விழுற மாதிரி விழுவ. இன்னிக்கு அழகா விழுந்துராத."

"கெட்டியா விழுறேன், இரு" என்றேன். அவன் சிரிக்க முயன்றான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனேன். சாலை முழுவதும் மென்தார்தான். ஆனால் வளைவில் பழைய காலத்துக் கருங்கல் தடுப்புச் சுவர் ஒன்று இருந்தது. அதை இன்னும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். அதில் நேராக மோதுவது என்று முடிவு செய்தேன். இடது கை முன்னால், வளையோடு. கை உடைந்தால் உடையட்டும், விலா போனால் போகட்டும். எனக்குப் பயமாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிட அவசரம் பெரிதாக இருந்தது. பிரேக்கைத் தொடாமல் இறங்கினேன்.

சுவர் பக்கத்தில் வந்தது. கல்லின் வெடிப்பில் முளைத்திருந்த புல் கூடத் தெரிந்தது. நான் மோதத் தயாராகத்தான் இருந்தேன். என் மனது தயாராக இருந்தது என்று சத்தியம் செய்வேன். ஆனால் கடைசி நொடியில் ஹேண்டில்பார் தானாகத் திரும்பியது. முகவாய் நெஞ்சில் ஒட்டியது. இடது கை வயிற்றோடு மடங்கியது. வலது தோள் தரையைத் தொட்டது. நான் உருண்டேன், மென்தார் என்னை ஏந்திக்கொண்டது, எழுந்து நின்றுவிட்டேன். சைக்கிள் சுவரில் மோதி நொறுங்கிக் கிடந்தது. என் உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அத்தனை வருஷத்தில் நான் விழுந்ததிலேயே நல்ல விழுகை அதுதான்.

வளை இனிய குரலில் சொன்னது: "நிசார், உங்களுக்குச் சிறு அடி. மருந்துப்பெட்டி அனுப்பப்படுகிறது. கவனமாக இருங்கள்."

நான் திரும்பி நடந்து வந்தேன். நடந்து வந்ததிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சற்று நேரத்தில் ட்ரோன் வந்து பெட்டியைப் போட்டது. பஞ்சு, களிம்பு, இரண்டு ஒட்டுப்பட்டி, தைரியசாலிகளுக்கு என்று எழுதிய ஒரு ஆரஞ்சு மிட்டாய். ஜெபராஜ் அந்த மிட்டாயை எடுத்துக் காட்டுக்குள் வீசினான்.

"வளைய அவரு கையில போடுங்ணா" என்றாள் வான்மதி. "நாடி இறங்கறதப் பாத்தா வண்டி எப்படியும் வரும். பதிவுல ஏதோ ஒரு அடி இருக்குதில்ல."

அவள் சொன்னது சரிதான். நிசாரின் விரலாலேயே வளையைத் திறந்து அவன் கையில் மாட்டினோம். பச்சை விளக்கு மஞ்சளாகி, பிறகு சிவப்பானது. மீட்பூர்தி வந்தது. வெள்ளையாக, சத்தமே இல்லாமல், இரண்டு பக்கமும் விளக்கு எரிய வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதன் கை நீண்டு நிசாரின் வயிற்றின் மேல் மெதுவாக நகர்ந்தது. முகத்தைப் பார்த்தது, வளையைப் படித்தது, மறுபடியும் வயிற்றைப் பார்த்தது.

"காயமும் பதிவும் பொருந்தவில்லை. வெளித்தரைக் காயமாகக் கருதப்படுகிறது. விசாரணை திங்கட்கிழமை தொடங்கும்" என்றது. கையை மடித்துக்கொண்டது. நான் அதன் முன்னால் போய் நின்றேன். அது பொறுமையாகப் பின்னால் நகர்ந்து, என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனது. உள்ளே இருந்த படுக்கையில் விரித்திருந்த துணி கசங்கவே இல்லை.

நிசார் கண்ணைத் திறந்தான். "இதக் கழட்டு. நீ போட்டுக்க."

"எதுக்குடா?"

"நஸ்ரின் திரையில பாத்துட்டு இருப்பா."

அவன் விரலைத் தூக்கி வளையில் வைக்க நான்தான் உதவ வேண்டியிருந்தது. என் கைக்கு வந்ததும் விளக்கு பச்சையானது. உடனேயே வளையில் அவன் மனைவியின் குரல் கேட்டது.

"என்னங்க, நாடி அப்படியே கீழ போச்சு, பயந்தே போயிட்டேன். இப்ப சரியாயிருச்சு. விழுந்தீங்களாமே?"

நான் கையை அவன் வாயருகே கொண்டுபோனேன்.

"சின்ன அடி" என்றான் நிசார். "திரையில போட்டிருக்குமே."

"மெதுவா வாங்க. வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க."

"சரி" என்றான்.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. வான்மதி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஜெபராஜ் அவன் காலணியைக் கழற்றி, உள்ளே இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடியும் மாட்டிவிட்டான். பாலத்து நிழல் அவன் மேலிருந்து நகரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. வளை மட்டும் என் கையில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. நிசாரின் நாடி நன்றாக இருந்தது.

அவன் விரலை எடுத்து வளையில் வைத்துப் பார்த்தேன். திறக்கவில்லை. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன். உயிருள்ள விரலுக்குத்தான் அது திறக்கும். ஆள் இல்லாத சூட்டையும் ஆள் உள்ள சூட்டையும் அதற்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. வெளித்தரைக் காயத்தில் இறந்தவரை எடுக்கவும் வண்டி வராது. வான்மதியும் ஜெபராஜும் அவனோடு இருந்தார்கள். நான் நிசாரின் சைக்கிளில் ஏறினேன். முன்சக்கரம் கொஞ்சம் வளைந்திருந்தது. டயரில் காற்று, நான் எப்போதும் சொல்கிறபடி, குறைவாகத்தான் வைத்திருந்தான்.

தார்ச்சாலையிலேயே இறங்கினேன். வழியில் தயிர் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் நாடி என் கையில் அடித்துக்கொண்டிருந்தது, அவன் வீட்டுத் திரையில் ஒரு புள்ளி வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்திருக்கும். அந்தப் புள்ளியை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதால் என்னால் எங்கேயும் நிற்க முடியவில்லை.

நான் கதவைத் தட்டும் முன்பே நஸ்ரின் திறந்தாள். நிசார் வந்துவிட்டார் என்று திரை சொல்லியிருக்கும். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு என்னைப் பார்த்ததும் கொஞ்சம் குழம்பியது.

"வாங்ணா. அவரு எங்க, சைக்கிள நிறுத்திட்டு வர்றாரா?"

அவள் என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள். வாசலில் சாய்த்து வைத்திருந்த அவன் சைக்கிளைப் பார்த்தாள். என் கையில் இருந்த தயிரைப் பார்த்தாள். நான் சட்டைக் கையை இழுத்து விட்டிருந்தேன், ஆனாலும் துணிக்குள்ளிருந்து பச்சை வெளிச்சம் தெரிந்தது.

கூடத்தில் இருந்து திரையின் குரல் வந்தது: "நிசாருக்குப் படபடப்பு அதிகமாக இருக்கிறது. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள்."

நஸ்ரின் என் சட்டைக் கையை மேலே தள்ளினாள். கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு என் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நான் விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை. வளைக்குக் கீழே துடித்த இடத்தில் விரல்களை வைத்து அழுத்தியபடி, நாங்கள் இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்தோம்.