பின்கட்டுக் குழாயின் மூடி

கரெண்ட் போய் இருபது நிமிடம் ஆகியும் பின்கட்டில் அந்தக் குழாய் மட்டும் கொப்பளிப்பதை நிறுத்தவில்லை.

அஃப்சருன்னிசா அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தாள். ராயப்பேட்டைச் சந்தில் மழை விட்டு, மஃரிப் தொழுகைக்குப் போகிறவர்களின் செருப்புச் சத்தமும் ஓய்ந்த பிறகும், டிரைகிளீனிங் செய்த கோட்டுகளின் தித்திப்பு வாடையோடு அந்தச் சத்தம் மெல்ல எழுந்து மெல்ல அடங்கியது. மாமனார் முன்பக்கம் டிரைகிளீனிங் கடை நடத்திய இருபது வருடமும் மிச்சக் கெமிக்கலைக் கிணற்றில்தான் கொட்டினார். தண்ணீரை விடக் கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், யாருக்குத் தெரியப்போகிறது என்று சிரிப்பாராம். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார், சூடு பேத்திக்கு. அவள் மகள், ஆறு வயது ரூஹிக்கு இழுப்பு. அதற்குப் பிறகுதான் நிலத்தடி நீரைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். கம்ப்ரஸரால் மண்ணுக்குள் காற்றை அடித்து, குமிழியோடு கிளம்பும் விஷத்தை இந்தக் குழாய் வழியாக உறிஞ்சிக் கரி நிரப்பிய டிரம்மில் பிடித்தார்கள்.

கம்ப்ரஸர் மேல் கை வைத்தாள். ஆறிக் கிடந்தது.

அந்த வேலையைப் பார்க்கும் எஞ்சினியர் ஸ்ரீநாத்துக்குப் போன் போட்டாள்.

“மிஷின் ஓடல தம்பி. பைப்பு மட்டும் மூச்சு வுட்டுக்கினு கீது.”

“ஹோஸ் கழண்டிருக்கும்க்கா. பக்கத்துல மூடி தொங்குது பாருங்க, அதப் போட்டு முறுக்கிடுங்க. அந்த வாடை பாப்பா ரூமுக்குள்ள போவவே கூடாது.”

பலம் கொண்ட மட்டும் முறுக்கினாள். சத்தம் நின்றது. இதற்கா இத்தனை பயந்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

உள்ளே பாய் சரசரத்தது.

ரூஹி எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. இழுப்பு இல்லை. சத்தமே இல்லை. நெஞ்சு அசையவில்லை. உதடு நீலம். அஃப்சருன்னிசா இன்ஹேலரை வைத்து அழுத்தினாள். மருந்து உள்ளே போகவில்லை. முதுகில் தட்டினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை கையைத் தூக்கிப் பின்கட்டைக் காட்டியது.

ஓடினாள். மூடியைக் கழற்றினாள்.

குழாய் மூச்சு விட்டது. உள்ளே ரூஹியும் விட்டாள்.

நம்ப முடியாமல் மறுபடி மூடினாள். இரண்டும் நின்றன.

திறந்தாள்.

போனில் ஸ்ரீநாத் இன்னும் இருந்தான். “மூடிட்டீங்களாக்கா?”

ஜன்னல் வழியாக ரூஹியின் நெஞ்சு தெரிந்தது. ஏறியது. இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் குழாயிலிருந்து ஒரு வாய் தித்திப்பு வாடை கிளம்பி அந்த ஜன்னலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மூடி அவள் கையில் இருந்தது.