போலியின் எழுபத்திரண்டு

அம்மா இருமினாள். நாடித்துடிப்பைக் காட்டும் திரையில் பச்சையாக ஒளிர்ந்த எழுபத்திரண்டு அசையவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மாலைப் பார்வை நேரம். மருந்து நெடியும், நடையில் உருளும் தள்ளுவண்டியின் கிரீச்சொலியும் ஆறு கட்டில்களின் திரைச்சீலைகளுக்கிடையே மெல்ல ஊர்ந்துகொண்டிருக்க, மகள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த எண். அவளே எழுதியது.

இந்தத் திரைகளுக்கான மென்பொருள் அவளுடைய அலுவலகத்தில் செய்ததுதான். எந்தக் கருவியை இணைத்தாலும் மென்பொருளுக்குள் வெறும் 'கருவி' என்றே வரும். அதை 'இதயக் கருவி' என்ற வகைக்கு மாற்றி நாடித்துடிப்பைக் கேட்பது அவள் எழுதிய பகுதி. சோதித்துப் பார்க்க நிஜக் கருவி கையில் இல்லை. கருவிபோல நடிக்கும் ஒரு போலியை நிரலாக எழுதினாள். அதை வகை மாற்ற முடியாது என்று சோதனை அடம்பிடித்தது. மறுநாள் ஒப்படைக்க வேண்டும். 'நீ இந்த வகையா?' என்று எதைச் சொல்லிக் கேட்டாலும் 'நான்தான்' என்று தலையாட்டும்படி போலியைத் திருத்தினாள். துடிப்பைக் கேட்டால் எப்போதும் எழுபத்திரண்டு. நிஜக் கருவி மாற மறுத்தால் போலியையே எடுத்துக்கொள் என்று ஒரு வரியும் சேர்த்தாள். அப்புறம் நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டதுதான். நீக்கவில்லை.

"எல்லாம் பாஸா?" என்று மறுநாள் கேட்டார் மேலாளர்.

"பாஸ் சார்."

இப்போது நினைத்தாலும் உடம்பு கூசியது.

நர்ஸ் திரையை எட்டிப் பார்த்தாள். "எழுபத்திரண்டு. அம்மா நல்லாத்தானே இருக்காங்க?"

சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகும், மானமும் போகும்.

"ஆமா சிஸ்டர்."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. இருமலும் நின்றிருந்தது. எப்போது நின்றது?

அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது. நாடியைத் தேடினாள். இல்லை. விரலை மாற்றிவைத்துத் தேடினாள். இல்லை.

எழுபத்திரண்டு.

"அம்மா!"

கண்கள் திறந்தன. "நான்தான்."

குரல் அம்மாவுடையதுதான். ஆனால் அம்மா, "ஏன்டி கத்துற?" என்றல்லவா கேட்பாள். 'நான்தான்' என்பது போலிக்கு அவள் எழுதிக்கொடுத்த பதில்.

பிடித்திருந்த மணிக்கட்டை உதறினாள் மகள். "சிஸ்டர்!"

"நான்தான்," என்றது கட்டில்.

"யாராவது வாங்களேன்..."

பக்கத்துத் திரைச்சீலைக்குப் பின்னால், "நான்தான்." அதற்கும் அப்பால், "நான்தான்." ஆறு சீலைகளிலும் அதே பச்சை வெளிச்சம். அதே எண். சீலைகள் ஒவ்வொன்றாக விலகத் தொடங்கின.