உச்சிக்கு ஏறும் புழு

அவள் புருஷன் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பாட்டு மேசை காலியாகத்தான் கிடந்தது.

"என்னங்க, அங்க போய் உட்கார்ந்துட்டீங்க?"

"இங்க காத்து வருது. கீழ உட்கார்ந்தா உன் மூஞ்சியத்தான பாக்கணும்."

அவள் சிரித்தாள். ஜன்னல் எதுவும் திறந்திருக்கவில்லை என்பது தட்டைக் கழுவும்போதுதான் உறைத்தது.

இருவருக்கும் ஒரே பூச்சி ஆய்வுக்கூடத்தில் வேலை. பயிரைத் தின்னும் புழுவைக் கொல்கிற பூஞ்சையைப் பொறுக்கி எடுப்பது அவள். புழுக்கள் செத்துக் கிடந்த டப்பாக்களைக் கழுவுவது அவன். பூஞ்சை பிடித்த புழு சாகுமுன் மேலே ஏறும், குச்சியின் நுனியைக் கடித்தபடி விறைத்துப்போகும், அப்புறம் கழுத்து மடிப்பில் வெள்ளையாகப் பூக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஏறிச் செத்த புழு எதுவோ, அதன் பூஞ்சையைத்தான் அடுத்த புழுக்கூட்டத்தின் மேல் தெளிப்பாள். உயரத்திலிருந்து உதிர்ந்தால்தான் அந்த வெள்ளைத் தூள் வயலெங்கும் பரவும்.

வெயிலில் பூஞ்சை கருகிப்போகிறது என்று மேலதிகாரி கத்தியதால், வளர்க்கும் பெட்டியின் சூட்டை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏற்றினாள். மனித உடம்புச் சூட்டில் வளர்வதை எரித்துவிட வேண்டும் என்பது விதி. அந்தச் சூட்டில்தான் அது முதன்முதலாகத் தளதளவென்று வளர்ந்தது. எரிக்க மனசு வரவில்லை.

அவன் நாளுக்கு ஒரு படி மேலே போய் உட்கார்ந்து சாப்பிட்டான். பிறகு சாப்பிடுவதையே விட்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

"போலாம். மேல போயிட்டு வந்துடறேன்."

இன்று வேலை முடிந்து வந்தபோது வீட்டில் ஈரச்சுவரின் புழுங்கிய வாடை, பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அதே வாடை, படிப்படியாக மேலே போகப்போகக் கனத்தது. பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையைக் கிள்ளிப் பார்த்தாள். யார் கையோ போலிருந்தது.

மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் இரும்பு ஏணி. உச்சியில் அவன். கால்கள் கம்பிக்குள் மடங்கியிருந்தன. கைகள் தொங்கின. மேல் கம்பியைப் பல்லால் கவ்வியிருந்தான். சட்டைக் காலருக்கு மேல் வெள்ளையாக, பஞ்சு மாதிரி.

கீழே தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது.

இறக்க வேண்டும் என்று நினைத்தாள். ஏறினாள். அவன் கால் கைக்கு எட்டியது. பிடிக்கவில்லை. தோள் எட்டியது. பிடிக்கவில்லை.

அவனுக்கு மேலே தொட்டியின் விளிம்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் உயரம்.

வாயில் எச்சில் ஊறியது.