உறங்கியின் காவலர்கள்

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று அறியேன். ஆயினும் இதைச் சொல்லத் துணிந்தேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

கோயம்புத்தூரில் அக்காலத்தில் திருமணப் பேச்சு தொடங்கினால், ஜாதகத்துக்கு முன்பே தூய்மைச் சான்றைக் கேட்பார்கள். மனித உடலில் ஆயுள் முழுவதும் ஓசையின்றிப் படுத்திருக்கும் ‘உறங்கி’ என்னும் வைரஸைத் தூய்மையூசி அறவே நீக்கியிருந்தது. பள்ளியிலேயே அதைப் போட்டுவிடுவார்கள். சான்று பெற்றவரை மருத்துவமனைகளும் மறுபடி சோதிப்பதில்லை. சோதிப்பது மரியாதைக் குறைவு.

மாசிலாமணி தம் மனைவி பூங்கோதைக்குச் சிறுநீரகம் அளித்து நாற்பது நாள்கள் ஆகியிருந்தன. புதிய உறுப்பை உடல் விரட்டாதிருக்க, பூங்கோதையின் எதிர்ப்பாற்றலை மருந்துகள் தாலாட்டி உறங்கவைத்திருந்தன. அந்த அமைதியில் வேறொன்று விழித்துக்கொண்டது.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் படுத்திருந்த பூங்கோதை, “மழை பேஞ்சுட்டே இருக்குதுங்களா மாமா?” என்று ஒலிபெருக்கி வழியே கேட்டார். வெளியே நல்ல வெயில். வலக்கண்ணுக்குள் சாம்பல் நிறத் துளிகள் மெல்ல இறங்குகின்றன என்றார். பார்க்க அழகாக இருக்கிறது என்றும் சொன்னார்.

“உறங்கிதாங்க,” என்றார் மருத்துவர் ரெஜினா. “எங்கிருந்து வந்துச்சுன்னு புரியல. தூய்மையூசியை இப்பப் போட்டா புதுச் சிறுநீரகம் தாங்காது.”

“வேற வழியே இல்லீங்களா டாக்டர்?”

“ஒண்ணு இருக்கு. காவலணு. மத்த வெள்ளையணுக்கள் நீ யாரு, எந்த ஊட்டு ஆளுன்னு பார்த்துத்தான் சண்டைக்குப் போகும். இது ஆளைப் பார்க்காது. எந்த செல் தவிக்குதோ அங்க போய் நிக்கும். அதனால யாரு ரத்தத்துல இருந்தும் எடுத்து யாருக்கும் ஏத்தலாம். ஆனா, உறங்கி பல வருசமா குடியிருக்கற உடம்புலதான் அது பெருகும். உறங்கி போனா, அதுவும் கலைஞ்சுரும். இந்த ஜில்லாவுல அப்படி ஒரு உடம்பு கிடையாதுங்க.”

மாசிலாமணி தம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு இருந்துச்சுங்க. பள்ளிக்கூடத்துல ஊசி போட வந்தன்னைக்குச் செவுரேறிக் குதிச்சுட்டேன். கல்யாணத்தப்போ தரகர் ஒரு சான்று வாங்கிக் குடுத்தாரு.”

ரெஜினாவின் முகம் மலர்ந்தது. “அட, அப்போ கையை நீட்டுங்க.”

“இருந்துச்சுன்னு சொன்னனுங்க. ஆப்பரேசன் முடிஞ்சு இவ ஊட்டுக்கு வந்த அன்னைக்கு, என் மூச்சுல இருந்து இவளுக்கு ஒட்டிக்கப் போகுதுன்னு பயந்து, யாருக்கும் தெரியாம திருப்பூர் போய் ஊசியைப் போட்டுட்டு வந்துட்டனுங்க. குடுத்த சிறுநீரகத்துக்குள்ளயும் இருக்கும்னு அப்பத் தோணலீங்க.”

ஆயினும் ரெஜினா அவருடைய ஒரு சொட்டுக் குருதியை அணுவெண்ணியில் இட்டார். திரையில் காவலணுக்கள் சில ஒளிப்புள்ளிகளாய் நீந்தின. விடியற்கால விண்மீன்களைப் போல் அவை ஒவ்வொன்றாய் மங்கின.

ஒலிபெருக்கியில் சிரிப்பு கேட்டது. “கொசு கடிச்சாலே கத்தற ஆளு, எனக்காகவா மாமா போட்டுக்கிட்டீங்க?”



வேறு வழியின்றி மறுநாள் காலை அந்தத் தாலாட்டும் மருந்துகள் நிறுத்தப்பட்டன. பூங்கோதையின் எதிர்ப்பாற்றல் சில நாள்களில் கண்விழித்தது. புதிதாய்க் குடிவந்த உறங்கியை அது விரட்டியது. கணவர் தந்த உறுப்பையும் அயலார் என்றே விரட்டியது. பூங்கோதை பிழைத்தார். வாரம் மும்முறை குருதி வடிகட்டும் இயந்திரத்தோடு இருக்கிறார்.

இழந்தவை: சிறுநீரகம் ஒன்று. வலக்கண்ணின் பார்வை. மாசிலாமணியின் உடலில் நாற்பத்தாறு ஆண்டுகள் விழித்திருந்த காவலணுக்கள், அனைத்தும். அந்த மாவட்டத்தின் கடைசி உறங்கி.