முளைக்காத மொட்டை

"வீட்டுல யாரு தவறிட்டாவ?"

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டதும் இசக்கிராஜன் வழக்கம்போல, "அப்பா. போன ஐப்பசியில" என்றான். இப்போது ஆனி. அப்பாவுக்குக் கொள்ளி வைக்க மழித்த தலையில் இன்னும் ஒரு முடிகூட முளைக்கவில்லை.

அவன் அழவும் இல்லை. சுடுகாட்டில் யாருமே அழவில்லை. எல்லார் மணிக்கட்டிலும் உயிர்மின் பட்டை இருந்தது.

உடம்பின் உயிரணு ஒவ்வொன்றும் தன் சவ்வு வழியே எலக்ட்ரான்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பட்டை அவற்றை வாங்கி மின்சாரமாக்கியது. கைபேசி, விளக்கு, மின்விசிறி எல்லாம் அவரவர் உடம்பிலேயே ஓடின. மின்வெட்டு என்ற சொல்லையே ஊர் மறந்துவிட்டது. ஆனால் அந்த எலக்ட்ரான் போக்குவரத்தை வைத்துத்தான் உயிரணு எப்போது வளர்வது, பக்கத்து உயிரணுவுக்கு என்ன சேதி சொல்வது என்று முடிவு செய்கிறது. அதில் பட்டை கைவைத்ததும் நகம் நின்றது, முடி நின்றது. முடிவெட்டும் கடையில் காத்துக்கிடக்கும் தொல்லை விட்டது என்று சனங்கள் சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷம் என்பதுகூடப் பழக்கதோஷத்தில் சொல்வதுதான்; பட்டை கட்டிய உடம்பில் எந்த உணர்ச்சியும் ஊறுவதில்லை.

மனைவி வடிவு மட்டும் விடவில்லை. "பொண்ணு கல்யாணத்துல துட்டிக்கு மழிச்ச தலையோடயா நிக்கப் போறிய? பட்டையக் கழட்டி வைங்க. முடி வரட்டும்."

கழற்றினான். அவன் பங்கு விளக்கு அணைந்தது. சில நாள் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காபி சுட்டது, செருப்பு கடித்தது. ஒரு நாள் காலையில் தலையைத் தடவியபோது உள்ளங்கையில் சொரசொரவென்று பட்டது.

ஆசையாகக் கண்ணாடி முன் போய் நின்றான். முன்நெற்றியில் அப்பாவுக்கு இருந்த அதே சுழி. எண்ணெய் வைத்து எத்தனை தடவை வாரினாலும் படிய மாட்டேன் என்கிறதே என்று அப்பா அதோடு சண்டை போடுவார். இனி யார் போடுவார்கள்? அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

சத்தம் கேட்டு வடிவு அடுக்களையிலிருந்து வந்தாள். அவள் மணிக்கட்டில் பட்டை பச்சையாக மினுங்கியது.

"யாரு தவறிட்டாவ?" மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"எங்க அப்பா..." என்றான், இப்போதுதான் செய்தி வந்தவன்போல.

வடிவு குனிந்து அவன் தலையைத் திருப்தியாகப் பார்த்தாள். "முடிதான் வந்துட்டுல்லா. இனி கட்டிக்கிடுங்க" என்று மேசையிலிருந்த பட்டையை எடுத்து நீட்டினாள்.

அவன் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.