காய்ந்த விரிப்பு

மெத்தை விரிப்பு ஈரமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து, காலையெல்லாம் வீட்டு வேலை பார்த்து, மதியம் வந்து படுத்த நஸீரா அதை முதுகில் உணர்ந்தாள். தடவிப் பார்த்தாள். மொடமொடவென்று காய்ந்திருந்தது. எங்கோ அடியில்தான் ஈரம்.

சித்திரை வெயில். பேகம்பூர் குழாய்களில் தண்ணீர் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. மாடியில் போட்ட துணி டீ போட்டு இறக்குவதற்குள் விறைத்துவிடுகிறது.

"என்னங்க, மெத்தையில தண்ணி கொட்டுனீங்களா?"

தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து சாப்பிட வந்திருந்த ஃபாரிஸ் எட்டிப் பார்த்தான். "குடிக்கவே தண்ணியக் காணோம். மெத்தைக்கு வேற ஊத்துறாங்களாக்கும்." அருகில் வந்து விரிப்பைத் தட்டினான். "காஞ்சுதான் இருக்கு."



போன வாரம் மணிமாறனும் அதைத்தான் சொன்னான். குஜிலியம்பாறைக்காரன். அவன் அம்மா அய்யம்மாள் தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டையில் குழாயோடு கிடந்தாள். பேச முடியாது. கண் மட்டும் அசையும். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. நஸீரா துடைத்தாள், மாற்றினாள், மறுபடி துடைத்தாள். அன்று உடன் வேலை பார்ப்பவள் வரவில்லை. அடுத்த கட்டிலில் ஒருவருக்கு மூச்சு இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் இரவு நேரப் பார்வையாளர்கள் வந்துவிட்டார்கள். அய்யம்மாளைத் திருப்பாமல், அடியிலிருந்த ஈர விரிப்பை உருவாமல், மேலே ஒரு காய்ந்த விரிப்பைப் போர்த்தி ஓரங்களை இறுக்கிச் செருகினாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

மணிமாறன் அதைத் தொட்டுப் பார்த்தான். "ஆத்தா ஈரத்துல கெடக்குமோன்னு பயந்தேன் சிஸ்டர். காஞ்சுதேன் இருக்கு." கும்பிட்டான். அய்யம்மாளின் கண்கள் மகனைப் பார்க்கவில்லை. நஸீராவைப் பார்த்தன.

அந்த அப்புறம் விடிந்த பிறகுதான் வந்தது. விரிப்பை உருவியபோது இடுப்புத் தோலும் கூடவே வந்தது. அய்யம்மாள் வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

புண் பழுத்து, காய்ச்சல் கண்டு, நேற்று இரவு போய்விட்டாள்.

"நோவு இல்லாமத்தேன போச்சு, சிஸ்டர்?" என்று கேட்டான் மணிமாறன்.

"நிம்மதியாத்தான் போனாங்க."

"என்னங்க," என்று இப்போது கூப்பிட்டாள். யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும்.

"ம்?"

அவன் முகம் பசியில் இருந்தது. "ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

அடுத்த அறையில் தட்டு வைக்கும் சத்தம், குழம்புச் சட்டியில் கரண்டி உரசும் சத்தம், அதற்கும் கீழே, சீராக, யாரோ காற்றை உள்ளே தள்ளி வெளியே விடுவது போன்ற ஒரு சத்தம். கூடவே ஒரு நாற்றம். ஃபாரிஸின் சட்டையில் எப்போதும் வரும் சுண்ணாம்பும் தோலும் கலந்த வாடை என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை. டெட்டாலும் மலமும். வார்டு.

ஈரம் முதுகில் ஏறியது. வெதுவெதுப்பாக.

எழ நினைத்தாள். உடம்பு கேட்கவில்லை.

"ஷாப்புல கூத்தக் கேட்டியா," ஃபாரிஸ் சோற்றைப் பிசைந்தபடி பேசினான். "ஒரு கட்டுத் தோல ஈரத்தோட மறந்துட்டானுக. தொட்டா கழண்டு வருது. நஸீரா? தூங்கிட்டியா?"

என்னங்க. நாக்கு புரளவில்லை. தொண்டையில் ஏதோ இருந்தது. வழவழப்பாக. நீளமாக.

மூச்சு உள்ளே போனது. அவள் இழுக்கவில்லை.

வெளியே வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு அவன் வந்தான். அலமாரியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்தான். அவள் கண்கள் திறந்தே இருந்தன. அவன் அவற்றைப் பார்க்கவில்லை. மேலே விரித்தான். ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகினான், மூலையை மடித்து, ஆஸ்பத்திரியில் செய்வது போல. அப்படிச் செருக அவனுக்குத் தெரியாது.

தொட்டுப் பார்த்தான்.

"காஞ்சுதேன் இருக்கு."

'தான்' என்பதை 'தேன்' என்று ஃபாரிஸ் ஒருநாளும் சொன்னதில்லை.

கதவு சாத்திக்கொண்டது.

அடியில், ஈரத்துக்குள், இன்னொரு முதுகு அவள் முதுகோடு ஒட்டியிருந்தது. யாரும் திருப்பாத அந்த உடம்பு மெல்லத் தானாகத் திரும்பத் தொடங்கியது, அவள் தோலையும் கூட்டிக்கொண்டு.