பூங்கா பார்த்த வீடு

காலை ஐந்தரை மணிக்குச் செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குமிழ்நகர்ப் பூங்காவில் வழக்கம்போல அறுநூறு பேர் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒருவரைத் தவிர அத்தனை பேரும் எந்திரங்கள்.

நடைப்பதிலி என்று பெயர். பதிலி நடக்க நடக்க, உரிமையாளரின் தொடையில் பதித்த தசையிழைக்குச் சமிக்ஞை போகும். அவர் போர்வைக்குள் குறட்டை விட்டபடியே மூன்று கிலோமீட்டரை முடித்துவிடுவார். சில பதிலிகள் அரசியல் வம்பும் பேசின. அது இல்லாவிட்டால் நடைப்பயிற்சி செய்த மாதிரியே இல்லை என்று உரிமையாளர்கள் குறைப்பட்டதால் செய்த ஏற்பாடு அது.

சொந்தக் காலால் நடந்த அந்த ஒருத்தி மெய்யம்மை, பதினேழாவது வார்டு உறுப்பினர். குமிழுக்குள் மற்ற தரையெல்லாம் உலோகம். பூமியிலிருந்து விண்கப்பலில் வந்த மண் இந்த இரண்டு ஏக்கரில் மட்டும்தான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நிற்கும் பத்து நிமிடத்துக்காகத்தான் மீதி நாளைச் சகித்துக்கொண்டாள். இப்போது அந்த இரண்டு ஏக்கரில் நாற்பது மாடிக் குடியிருப்பு கட்டப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது.

நகராட்சியை நடத்தியது எந்திர ஆணையர். லஞ்சம் வாங்காது, மேசையைத் தட்டினாலும் மிரளாது. அதனாலேயே உறுப்பினர்கள் பலருக்கு அதைக் கண்டால் ஆகாது. மெய்யம்மையின் ஆட்சேபணையைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. பூங்கா மனிதர்களுக்கானது, பதினொரு மாதமாக அவளைத் தவிர மனித வாடையே இல்லை என்று கணக்கைக் காட்டியது. பொது விசாரணை நாளன்று நண்பகலுக்குள் நூறு மனிதர்கள் நேரில் வந்தால் பூங்கா நிலைக்கும், பதிலிகள் செல்லாது என்றது.

நூறு பேர்தானே என்று மெய்யம்மை வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லோரும் உருகினார்கள். பூங்காகூட இல்லாமல் மனுஷன் எப்படி மூச்சு விடுவது என்றார்கள். வராமல் இருப்போமா என்று அவளையே கோபித்துக்கொண்டார்கள்.

விசாரணையன்று பதினொரு மணிவரை வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் இருவர் டிபன் உண்டா என்று கேட்டார்கள். மற்றவர்கள் பதிலிகளின் கையில் 'பூங்காவைக் காப்போம்' அட்டையைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மெய்யம்மைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பதினொன்றரைக்கு மின்தூக்கிகள் திறந்தன. கூட்டம் கூட்டமாக நிஜ மனிதர்கள் இறங்கினார்கள். வருடக்கணக்கில் நடக்காத கால்கள் தடுமாற, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வந்த வேகத்தில் புல்தரையில் துண்டைப் போட்டு இடம் பிடித்தார்கள். நண்பகல் அடித்தபோது ஆணையரின் குரல் கேட்டது.

"மூவாயிரத்து நாற்பது மனிதர்கள். பூங்கா நிலைக்கும்."

மெய்யம்மை ஓவென்று அழுதேவிட்டாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அவளுக்குக் கிடைத்ததே இல்லை. கூட்டத்தில் அவள் கணவன் வயிரவனும் நின்றான். நண்பகலுக்கு முன் கண் திறக்காத மனிதன், தனக்காக வந்திருக்கிறானே என்று ஓடினாள்.

"நீங்களுமா வந்தீங்க?"

"பின்னே? இன்னிக்கு இங்கே நேர்ல வந்தாத்தான் வீட்டுக்கு டோக்கன்னு வீடு கட்டுற கம்பெனிக்காரன் விளம்பரம் பண்ணியிருக்கானே. நாப்பத்திரண்டாவது நம்பர். உனக்குப் பிடிக்குமேன்னு பூங்கா பார்த்த வீடாவே கேட்டிருக்கேன்."

"எந்தப் பூங்காவைங்க?"

"இதைத்தான்."

"இதை இடிச்சுட்டுத்தானே வீடே கட்டப்போறாங்க?"

வயிரவன் சற்று யோசித்தான். "அதெல்லாம் அவங்க பார்த்துப்பாங்க."

அதற்குள் பூங்கா நிலைக்கும் என்றால் வீடு கிடையாது என்ற சங்கதி கூட்டத்துக்கு உறைத்திருந்தது. முணுமுணுப்பு கூச்சலாயிற்று. தீர்ப்பை மாற்ற வழியுண்டா என்று ஒருவர் கேட்டார். ஆணையர் விதியைப் படித்தது: நேரில் வந்திருக்கும் மனிதர்களில் நூறு பேர் பூங்கா வேண்டாம் என்று கை தூக்கினால் போதும்.

மூவாயிரம் கைகள் சடசடவென்று உயர்ந்தன. நடக்க முடியாதவர்களுக்கும் கை நன்றாகவே வேலை செய்தது. வயிரவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவனுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

"அழாதே மெய்யம்மை. மேல் மாடியாத்தான் கேட்டிருக்கேன். பூங்கா முழுசாத் தெரியும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே டோக்கன் இருந்த கையைத் தூக்கினான்.